ஹாண்டோவுக்காகப் பதறியது

வணக்கம் சார்,

வன்முறைப் படங்களைப் பற்றிய கட்டுரையில் ‘ராம்பர் ஸ்டாம்பர்’ (1992) படத்தை ஒரே வரியில் பாராட்டிவிட்டுப் போயிருந்தீர்கள். போன வாரம் தேடிப் பிடித்துப் பார்த்தேன். மெல்பர்னில் திரியும் ஒரு மொட்டைத் தலை நாஜிக் கும்பல். வியட்நாமியப் பிள்ளைகளைச் சுரங்கப்பாதையில் மடக்கி அடிப்பதில் படம் ஆரம்பிக்கிறது. அப்போதே அணைத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் நடுவில் வியட்நாமியர்கள் கூட்டமாகத் திரண்டு வந்து இவர்களைத் துரத்தும்போது, கும்பல் தலைவன் ஹாண்டோ தப்பித்துவிட வேண்டுமே என்று நான் பதறிக்கொண்டிருந்தேன். அதைக் கவனித்ததும் எனக்கே கேவலமாகிவிட்டது. பார்ப்பவனை இப்படி ஆக்குவது நேர்மையா? இவர்கள் ஏன் இப்படி ஆனார்கள் என்று படம் எங்கேயும் சொல்லவில்லையே? கடைசிக் காட்சியில் அந்த ஜப்பானியச் சுற்றுலாப் பயணிகள் எதற்கு?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

நானும் பதறினேன். முதல் தடவை மட்டுமல்ல, இந்தக் கடிதத்துக்காக மறுபடி பார்த்தபோதும்.

அந்தத் துரத்தலை நினைத்துப் பாருங்கள். கும்பல் வழக்கமாகக் குடிக்கிற மதுக்கடையை ஒரு வியட்நாமியர் வாங்குகிறார். கடையைப் பார்க்க வந்தவர்களை இவர்கள் அடிக்கிறார்கள். செய்தி போகிறது, வண்டி வண்டியாக ஆட்கள் இறங்குகிறார்கள். இதையே பேப்பரில் படித்திருந்தால் ‘நல்லா வேணும்’ என்று பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள். ஆனால் கேமரா ஓடுவது கும்பலோடு. மூச்சு வாங்குவது இவர்களுக்கு, கதவு உடைவது இவர்கள் முதுகுக்குப் பின்னால். கேமரா யாரோடு ஓடுகிறதோ அவர்களோடுதான் நாமும் ஓடுவோம். இயக்குநர் ஜெஃப்ரி ரைட்டுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்திருக்கிறார். போதாததற்கு ஹாண்டோவாக வருவது ‘கிளாடியேட்டர்’ வருவதற்கு எட்டு வருடம் முந்தைய ரஸல் க்ரோ. அந்த முகத்தை வெறுப்பது லேசான காரியமில்லை.

இதை ஏமாற்று வேலை என்று நான் நினைக்கவில்லை. கும்பலில் கொள்கை பேசுகிறவன் ஹாண்டோ ஒருவன்தான். ஹிட்லரின் புத்தகத்தைக் காதலிக்கு வாசித்துக் காட்டுகிறான். தன் வெள்ளை ரத்தம் ஒன்றுதான் கடைசியில் தன்னிடம் மிஞ்சும் என்ற மாதிரி பேசுகிறான். மற்றவர்கள்? அந்தக் காதலி கேப், தகாத முறையில் நடந்த பணக்கார அப்பாவிடமிருந்து ஓடி வந்தவள். ஹாண்டோவின் நெருங்கிய நண்பன் டேவிக்குப் போகப் போக இதெல்லாம் கசந்துவிடுகிறது. பப்ஸ் சின்னப் பையன், போலீஸ் சுட்டுச் சாகிறான். இவர்களுக்கு வேண்டியது கூட ஒரு கூட்டம், அடி விழுந்தால் கூடவே ஓடிவர நாலு பேர். அந்த ஓட்டத்தில் நீங்களும் கொஞ்ச நேரம் அந்த நாலு பேரில் ஒருவராகிவிட்டீர்கள். ஒரு கும்பல் எப்படி ஆள் சேர்க்கிறது என்பதைப் படம் வசனத்தில் சொல்லாமல் உங்கள் மேலேயே செய்து காட்டிவிட்டது.

காரணம் சொல்லவில்லை என்கிறீர்கள். சரிதான். 1998-ல் வந்த ‘அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்’ சொல்கிறது. சாப்பாட்டு மேஜையில் அப்பா விதைக்கிறார், மகன் கொலை செய்கிறான், சிறை அவனைத் திருத்துகிறது. கணக்கு நேராகிவிடுகிறது. எனக்கு அந்த நேரான கணக்கின் மேல்தான் சந்தேகம். இந்தப் படத்தில் காரணம் வசனத்தில் இல்லை, ஊரில் இருக்கிறது. கதை நடக்கும் ஃபுட்ஸ்க்ரே, மெல்பர்னின் மேற்கே தொழிற்சாலைகளை நம்பி வளர்ந்த ஏரியா. வெள்ளையர் அல்லாதவர்கள் குடியேறுவதைத் தடுக்க 1901-ல் சட்டம் போட்ட நாடு ஆஸ்திரேலியா, அந்தக் கொள்கையை முழுசாகக் கைவிட 1973 வரை ஆனது. மூன்றே வருடத்தில், 1976-ல், வியட்நாம் அகதிகளின் முதல் படகு டார்வினில் கரை சேர்ந்தது. படம் வந்த வருடம் ஆஸ்திரேலியாவில் வேலையின்மை 10 சதவீதத்துக்கு மேல். ஆலை மூடியதற்கு யாரை அடிப்பது என்று தெரியாதவனுக்கு, மதுக்கடையை வாங்க வந்தவன் கண்ணெதிரே நிற்கிறான்.

ஆனால் உங்கள் சங்கடம் உங்களுடையது மட்டுமில்லை. ஆஸ்திரேலிய விமர்சகர் டேவிட் ஸ்ட்ராட்டன், படம் ஆபத்தானது என்று சொல்லி, டிவி நிகழ்ச்சியில் மதிப்பெண் தரவே மறுத்தார். கூட உட்கார்ந்திருந்த மார்கரெட் பொமரான்ஸ் பாராட்டினார். இரண்டு வருடம் கழித்து வெனிஸ் விழாவில் ஸ்ட்ராட்டனைப் பார்த்த இயக்குநர் கையிலிருந்த ஒயினை அவர் மேல் ஊற்றிவிட்டார். விமர்சகருக்கு இப்படியும் சன்மானம் உண்டு.

ஸ்ட்ராட்டன் பயந்தது சும்மா இல்லை. படம் திரைக்கு வந்தது 1992 நவம்பர். அதற்கு மூன்று மாதம் முன்னால், ஆகஸ்டில், ஜெர்மனியின் ராஸ்டாக் நகரத்தில் வியட்நாமியத் தொழிலாளர்கள் குடியிருந்த அடுக்குமாடிக்குப் பெட்ரோல் குண்டு வீசித் தீ வைத்தார்கள். உள்ளே நூறு பேருக்கு மேல். கூரை வழியாகத் தப்பினார்கள். வீசியவர்கள் சில நூறு பேர். சுற்றி நின்று கை தட்டிய ஆயிரக்கணக்கானவர்கள் அக்கம்பக்கத்துச் சாதாரண ஜனங்கள்.

எனக்குப் படத்தின் மேல் இருக்கும் குறை வேறு. வியட்நாமியர்கள் திருப்பி அடிக்கிறார்கள், அழுதுகொண்டு நிற்கவில்லை, அது பிடித்திருந்தது. ஆனால் படம் முடிந்தபின் அவர்களில் ஒருவர் பெயராவது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? கேமரா ஒரு தடவையாவது அவர்கள் வீட்டுக்குள் போய் வந்திருக்கலாம்.

ஒரு சின்ன விஷயம். இந்த மொட்டையும் பூட்ஸும் ஹிட்லர் காலத்துச் சரக்கல்ல. 1960-களின் கடைசியில் லண்டன் உழைப்பாளிப் பையன்கள் ஆரம்பித்தது. ஜமைக்காவிலிருந்து குடியேறிய கறுப்பினப் பையன்களோடு சேர்ந்து ஸ்கா, ரெகே என்ற ஜமைக்கா பாட்டுகளுக்கு ஆடியவர்கள். இனவெறிக் கட்சிகள் அந்தத் தலைகளுக்குள் புகுந்தது அப்புறம்தான்.

அந்த ஜப்பானியர்கள்... கடற்கரையில் டேவி ஹாண்டோவைக் குத்துகிறான், மேலே பஸ்ஸில் வந்தவர்கள் நின்று படம் எடுக்கிறார்கள். ‘இது என் மண்’ என்று படம் பூராவும் கத்தியவன் அந்த மண்ணிலேயே சுற்றுலாக் காட்சியாகிறான். எனக்கு அது கொஞ்சம் ஓவராகத்தான் பட்டது. டேவியின் முகத்தோடு நிறுத்தியிருக்கலாம். டேவியாக நடித்த டேனியல் பொல்லாக் படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துவிட்டார். அந்த முகத்தை இன்னும் சில நொடிகள் பார்த்திருப்பேன்.