மொட்டைமாடித் தொட்டியில் வார்ம்வுட் அழுகுவது பற்றி

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், வார்ம்வுட் செடி வாடுவதற்கு வெயில்தான் காரணம் என்று நினைத்து காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறீர்கள். அடி இலைகள் கறுத்துவிட்டன. வெயிலைவிடத் தண்ணீர்தான் காரணமாக இருக்கும். வார்ம்வுட் வறண்ட, சத்துக் குறைந்த மண்ணில் வளரும் ஐரோப்பியச் செடி. நீங்கள் போட்டிருக்கும் தேங்காய் நார்க்கழிவு ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

மண்ணை ஒட்டிய தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பாக, கொழகொழவென்று இருந்தால் அந்தத் தண்டு போய்விட்டது. நுனியில் சாம்பல் பச்சை இலை இன்னும் திடமாக இருந்தால் நான்கு விரற்கடை நீளத்துக்கு வெட்டி, செம்மண்ணும் ஆற்று மணலும் சரிபாதி கலந்து நட்டுவிடுங்கள். வேர் பிடிக்கும்வரை நிழல். அப்புறம் மேல்மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் தண்ணீர். மதுரைச் சித்திரை வெயிலில் மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடம் நல்லது. துளசித் தொட்டிக்குள் நட வேண்டாம்; இதன் இலைச்சாறு பக்கத்துச் செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கும்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் மாசிப்பச்சையை வோட்காவில் ஊறப்போட்டால், வார்ம்வுட் சேர்த்துச் செய்யும் அப்சிந்த் என்ற மதுபானம் ஆகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆகாது. மாசிப்பச்சையும் மரிக்கொழுந்தும் வார்ம்வுட்டைப் போலவே ஆர்ட்டிமீசியா என்ற பேரினம்தான், ஆனால் வேறு இனங்கள். அசல் அப்சிந்தில் சோம்பு, பெருஞ்சீரகத்தோடு வார்ம்வுட்டை ஊறவைத்துக் காய்ச்சி வடிப்பார்கள். கடுங்கசப்பு பாத்திரத்திலேயே தங்கிவிடும். வெறுமனே ஊறவைத்தால் வாயில் வைக்க முடியாது. தூஜோன் என்ற பொருள் எவ்வளவு இறங்கியது என்பதும் தெரியாது. அது அளவு மீறினால் வலிப்பு வரும். வீட்டில் காய்ச்சுவது சட்டப்படி குற்றம், அதைத் தொடவே வேண்டாம். மாலைக்கு வாங்கும் தழையில் பூச்சிமருந்தும் இருக்கலாம்.