எந்த விதிப்படி, எத்தனை சுற்று?

கேள்வி: சென்ற இதழில் முகமது அலியைத் தலைசிறந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் என்று எழுதியிருந்தீர்கள். நானும் என் தம்பியும் வீடியோ கேமில் அலியையும் மைக் டைசனையும் பலமுறை மோதவிட்டோம். பெரும்பாலும் டைசன்தான் ஜெயித்தார். நிஜத்திலும் அலியை லாரி ஹோம்ஸ் வென்றார், ஹோம்ஸை டைசன் வென்றார். கூடைப்பந்து வீடியோ கேமிலும் 1996 சிகாகோ புல்ஸ் அணியை 2017 கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி சுலபமாகத் தோற்கடித்தது. பழைய ஆட்களை இன்னமும் தூக்கிப் பிடிப்பது ஏன்? யார் ஜெயிப்பார்கள்? ஒரே வரியில் பதில் தேவை.

பதில்: ஒரே வரியில் சொன்னால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். கேள்வியில் பாதி காணாமல் போயிருக்கிறது. எந்த வருடத்து அலி? எத்தனை சுற்று? யாருடைய விதிப்படி? இவற்றைச் சொல்லாமல் ‘யார் ஜெயிப்பார்கள்’ என்று கேட்பது, ஊர் பெயரைச் சொல்லாமல் டிக்கெட் கேட்பது போன்றது.

நீங்களும் தம்பியும் செய்த சோதனையை அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து பார்த்துவிட்டார்கள். 1967-இல் மர்ரி வொரோனர் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் வீரர்கள் 16 பேரின் விவரங்களைக் கணினியில் ஏற்றி, அது சொன்ன முடிவுகளை வானொலியில் நேர்முக வர்ணனைபோல ஒலிபரப்பினார். அதில் அலி, 1899 முதல் 1905 வரை சாம்பியனாக இருந்த ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றார். தன் பெயருக்குக் களங்கம் வந்துவிட்டது என்று அலி 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். அந்தக் கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது. மேடையில் அதுவரை யாரிடமும் தோற்காத மனிதரை ஓர் இயந்திரம் தோற்கடித்துவிட்டது, அதை ஊரே கேட்டது.

1969-இல் அதே தயாரிப்பாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். 49 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் 1956-இல் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவையும் அலியையும் மயாமியில் ஒரு ஸ்டூடியோவில் எதிரெதிரே நிறுத்தினார். வியட்நாம் போருக்காகப் படையில் சேர மறுத்ததால் அலியின் பட்டம் அப்போது பறிக்கப்பட்டிருந்தது. மேடையேறவும் அனுமதி இல்லை. மார்சியானோவுக்கு வயது 45. இதற்காக 20 கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்து, வழுக்கையை மறைக்க டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். கேமரா முன்னால் இருவரும் அடிப்பது போலவும் விழுவது போலவும் பல முடிவுகளை நடித்துக் கொடுத்தார்கள். எந்த முடிவு திரைக்கு வரும் என்பது இருவருக்கும் தெரியாது. மார்சியானோவுக்குக் கடைசிவரை தெரியவே இல்லை. 1969 ஆகஸ்ட் 31 அன்று, தன் 46-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரியில் படம் திரையிடப்பட்டபோது, 13-வது சுற்றில் மார்சியானோ நாக்-அவுட் முறையில் வென்றதாகக் காட்டினார்கள்.

அந்த 13 என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள். இன்று உலகப் பட்டத்துக்கான போட்டியில் 13-வது சுற்று என்று ஒன்றே கிடையாது.

1982 நவம்பரில் லாஸ் வேகஸில் ரே மன்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ 14-வது சுற்றில் விழுந்தார்; நான்கு நாட்களில் இறந்தார். அதன் பிறகுதான் குத்துச்சண்டை அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக 15 சுற்றை 12 ஆகக் குறைத்தன. குறைத்தது சரியான முடிவு. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பழைய வீரர்களை எடை போடும்போது அந்த மூன்று சுற்றுகளைக் கணக்கில் எடுக்காதவர் எதையும் எடை போடவில்லை.

1941 ஜூன் மாதம் நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் சாம்பியன் ஜோ லூயிஸ், தன்னைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் எடை குறைந்த பில்லி கானை எதிர்கொண்டார். 12 சுற்று முடிந்தபோது நடுவர்கள் மூவரில் இருவரின் புள்ளிக் கணக்கில் கான் முன்னிலை. மூன்றாமவரின் கணக்கில் இருவரும் சமம். மீதி மூன்று சுற்றும் விலகி விலகி ஆடியிருந்தால் பட்டம் கானுக்கு. அவரோ லூயிஸை வீழ்த்தியே தீருவது என்று அவருடைய கைகளுக்குள்ளேயே புகுந்தார். 13-வது சுற்று முடிய இரண்டு விநாடி இருந்தபோது, விழுந்து கிடந்த கானுக்கு நடுவர் பத்து எண்ணி முடித்துவிட்டார். இன்றைய விதியில் அந்த இரவின் சாம்பியன் பில்லி கான்.

1952 ஜூன் மாதம் யாங்கி ஸ்டேடியத்தில் சுகர் ரே ராபின்சன் தன்னைவிட எடை கூடிய பிரிவின் பட்டத்துக்காக ஜோயி மாக்சிமுடன் மோதினார். 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம். 10 சுற்றோடு நடுவரே தாங்க முடியாமல் வெளியேற, வேறு நடுவர் வந்தார். எல்லாக் கணக்கிலும் முன்னிலையில் இருந்த ராபின்சன் 13-வது சுற்றுக்குப் பிறகு நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. 12 சுற்று என்றால் அவர் கையில் இன்னொரு எடைப் பிரிவின் பட்டம் இருந்திருக்கும்.

அதே ஆண்டு செப்டம்பரில் பிலடெல்பியாவில் மார்சியானோ. முதல் சுற்றிலேயே ஜெர்சி ஜோ வால்காட்டின் அடியில் தரையைத் தொட்டார். 12 சுற்று முடிவில் மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியிருந்தார். 13-வது சுற்றில் அவருடைய வலக்கைக் குத்து ஒன்று எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. உலகமே மனப்பாடமாகச் சொல்லும் 49-0 என்ற எண் அந்த ஒரு சுற்றின் தயவில் நிற்கிறது. 1981-இல் ஷுகர் ரே லெனார்ட் தாமஸ் ஹெர்ன்ஸை வென்றதும் 14-வது சுற்றில். அதுவரை மூன்று நடுவர்களின் கணக்கிலும் ஹெர்ன்ஸ்தான் முன்னால்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஹோம்ஸ் வழியாக நீங்கள் போட்ட கணக்கு தப்பு. 1980 அக்டோபரில் ஹோம்ஸிடம் தோற்ற அலிக்கு வயது 38. 1988 ஜனவரியில் டைசனிடம் நான்காவது சுற்றில் விழுந்த ஹோம்ஸுக்கும் வயது 38. இரண்டு முறையும் தோற்றது வயதுதான். ஹோம்ஸ் அன்று அலியை அடித்த அடிகளைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. அதை ஒரு சமன்பாட்டின் முதல் வரியாகப் பயன்படுத்துவது அநியாயம்.

அலி என்று ஒரே ஆள் கிடையாது. 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே சுற்றில் முடித்த அலி, காலால் சண்டை போட்டவர். எதிராளியின் குத்து வந்து சேரும் இடத்தில் அவர் இருக்க மாட்டார். அதன் பிறகு மூன்றரை ஆண்டுகளை அவரிடமிருந்து பறித்துக்கொண்டார்கள். 25 வயதில் போனவர் 28 வயதில் திரும்பியபோது அந்தக் கால்கள் திரும்பவில்லை. 1974-இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஜார்ஜ் ஃபோர்மனின் அடிகளை வாங்கி அவரைக் களைப்படையச் செய்து எட்டாவது சுற்றில் வீழ்த்தியவர் வேறொரு அலி. அடுத்த ஆண்டு மணிலாவின் வெக்கையில் ஜோ ஃப்ரேஸியருடன் 14 சுற்று நின்றவரும் அவரே. உங்கள் வீடியோ கேம் இந்த இருவரையும் கலந்து ஒரு பொம்மை செய்திருக்கிறது.

டைசனைக் குறைத்து எண்ணுகிறவன் அல்ல நான். 20 வயதில் ஹெவிவெயிட் பட்டம் வென்றவர். 1988-இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் வீழ்த்தியவர். அலிக்கு ஆபத்தான ஆயுதமும் அவரிடம் இருந்தது: குள்ளமான உடலிலிருந்து எழும்பி வரும் இடக்கை வளைகுத்து. 1963-இல் ஹென்றி கூப்பரும் 1971-இல் ஃப்ரேஸியரும் அலியைத் தரையில் உட்கார வைத்தது அதே குத்தினால்தான். ஆகவே முதல் நான்கு சுற்றுகளுக்கு நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஆனால் டைசன் 12 சுற்றைத் தாண்டிச் சண்டை போட்டதே இல்லை. 1990-இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் அவரை எப்படி வென்றார்? உயரம், நீண்ட இடக்கை, பின்வாங்காத நெஞ்சு. மூன்றும் 1966 அலியிடம் இருந்தன. கூடவே டக்ளஸிடம் இல்லாத கால்களும் இருந்தன. 15 சுற்று என்றால் தயங்காமல் அலி. 12 என்றாலும் அலிதான், சற்றுத் தயக்கத்தோடு.

கூடைப்பந்துக்கு வருவோம். 82 ஆட்டங்களில் 72 வெற்றி பெற்ற அந்த 1995-96 புல்ஸ் அணியும் விதியின் குழந்தைதான். 1994 முதல் 1997 வரை மூன்று பருவங்களுக்கு மூன்று புள்ளிக் கோட்டை (அதற்கு வெளியிலிருந்து எறிந்து வளையத்துக்குள் போட்டால் மூன்று புள்ளி) 7.24 மீட்டரிலிருந்து 6.7 மீட்டருக்கு உள்ளே இழுத்து வைத்திருந்தார்கள். அப்படி இருந்தும் புல்ஸ் ஓர் ஆட்டத்தில் எறிந்த மூன்று புள்ளிப் பந்துகள் சராசரியாக 16-ஐ ஒட்டித்தான். 2017 வாரியர்ஸ் எறிந்தது 31 அளவில். புல்ஸின் ஜோர்டனும் பிப்பனும் பந்தைத் தட்டிக்கொண்டு வருபவரின் இடுப்பில் கை வைத்து அவர் போகும் திசையைத் திருப்பலாம். 2004-05 முதல் அதைக் கறாராகத் தடுத்துவிட்டார்கள். மறுபக்கம், ஆளைப் பிடிக்காமல் இடத்தைக் காத்து நிற்கும் தடுப்பாட்டத்துக்கு 2001 வரை அனுமதி இல்லை. வாரியர்ஸின் தடுப்பாட்டம் வளர்ந்ததே அந்த அனுமதியின் மேல்தான்.

1996 விதிப்படி ஆடினால் புல்ஸ். கோடு அருகில் இருப்பது வாரியர்ஸின் ஸ்டெஃபன் கர்ரிக்கும் லாபம்தான், ஆனால் அந்தக் கோடுவரை அவரை நிம்மதியாக வர விடமாட்டார்கள். 2017 விதிப்படி ஆடினால், நாக்-அவுட் கட்டத்தில் 17 ஆட்டங்களில் ஒன்றை மட்டும் இழந்த அந்த வாரியர்ஸ். இரண்டு அணிகளையும் உள்ளிருந்து அறிந்த ஒரு மனிதர் இருக்கிறார்: ஸ்டீவ் கெர். அந்த புல்ஸில் வீரர், அந்த வாரியர்ஸில் பயிற்சியாளர். 1996-இல் மூன்று புள்ளிப் பந்துகளில் பாதிக்கு மேல் வளையத்துக்குள் போட்டவர் அவர். இன்றைய அணியாக இருந்தால் அவரை இன்னும் எத்தனை முறை எறியச் சொல்லியிருப்பார்கள்! அன்று யாரும் சொல்லவில்லை. திறமை குறைவென்று அதற்குப் பொருள் இல்லை. ஆட்டம் வேறாக இருந்தது.

என் அளவுகோலைக் கேட்டால், ஒருவர் தன் காலத்தை என்ன பாடுபடுத்தினார் என்றுதான் பார்ப்பேன். கூடைப்பந்து வீரர் ஜார்ஜ் மைக்கனைச் சமாளிக்க முடியாமல் 1951-இல், தாக்குபவர் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாத, வளையத்தின் கீழுள்ள பகுதியை 6 அடியிலிருந்து 12 அடியாக அகலப்படுத்தினார்கள். வில்ட் சேம்பர்லினுக்காக 1964-இல் அது 16 அடி ஆனது. தனி ஒருவருக்காகத் தரையில் போட்ட கோட்டை அழித்து மறுபடி வரைந்திருக்கிறார்கள். அந்தக் கோடுகளுக்குள் இன்று ஆடுகிறவரை அருகில் நிறுத்தி, பழையவர் சாதாரணம் என்று எப்படிச் சொல்வது?

கடைசியாக ஒரு வேண்டுகோள். பில் ரஸ்ஸல் பாஸ்டன் செல்டிக்ஸுக்காக ஆடிய 13 பருவங்களில் 11 முறை சாம்பியன். எதிராளி எறியும் பந்தைக் காற்றிலேயே தட்டித் தடுப்பதில்தான் அவர் பெயர் பெற்றார். அவர் ஓய்வு பெற்றது 1969-இல். தடுத்த பந்துகளை அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. எண்ணத் தொடங்கியது 1973-இல். உங்கள் கேமில் ரஸ்ஸல் இருந்தால், தடுப்பதில் அவருக்கு எத்தனை மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து எழுதுங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.