புது கேமை முதல் நாளே வாங்குவதா, கம்ப்ளீட் எடிஷன் வரும்வரை பொறுப்பதா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “கிண்டியில் வேலை பார்க்கிறேன். போன வருடம் தவணையில் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் மெஷின் வாங்கினேன். கேமுக்கென்று மாதம் 1,500 ரூபாய் எடுத்து வைக்கிறேன். புது கேம் வந்த அன்றே ஐயாயிரம் கொடுத்து வாங்கிவிடுகிறேன். ஒரு வருடம் கழித்து அதே கேம் எல்லா டிஎல்சியும் (பின்னால் தனியாக விற்கும் கூடுதல் பகுதிகள்) சேர்ந்து பாதி விலைக்கு வருகிறது. பார்த்தால் வயிறு எரிகிறது. இத்தனைக்கும் வாங்கியதில் நான்கு கேம் பாதியில் கிடக்கிறது. இனி எல்லாவற்றுக்கும் பொறுத்திருந்து வாங்கலாமா? டிஸ்க் நல்லதா, டிஜிட்டலா? காலேஜில் படிக்கும் தம்பி ஃபுட்பால் கேமை மட்டும் வந்த அன்றே வாங்கச் சொல்கிறான். அண்ணா, நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்.”

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த “நான்கு கேம் பாதியில் கிடக்கிறது” என்ற வரிதான். ரிச்சி தெருவில் ஒரு கேம் கடையின் கல்லாவுக்குப் பின்னால் பல வருடம் நின்றவன் நான். அவசரப்பட்டுப் புதுசு வாங்கியதால் போன பணத்தைவிட, வாங்கி வைத்து விளையாடாமலே போன பணம்தான் அதிகம். சீல் பிரிக்காத டிஸ்க்கை ஒன்றரை வருடம் கழித்து விற்க எடுத்து வருவார்கள். விலையைச் சொன்னால் முகம் வாடிவிடும். அதே கேம் அப்போது புதிதாகவே அந்த விலைக்குப் பக்கத்தில் கிடைத்துக்கொண்டிருக்கும்.

அதனால் முதல் நாளா, கம்ப்ளீட் எடிஷனா என்பதை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். எந்த வாரம் உட்கார்ந்து விளையாடப் போகிறீர்களோ, அந்த வாரத்தில் வாங்குங்கள். அது வெளியான வாரமாக இருந்தாலும் சரி, இரண்டு வருடம் கழித்து வரும் தீபாவளி லீவாக இருந்தாலும் சரி. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உங்கள் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு, கேம் எந்த வகை என்று பார்க்க வேண்டும்.

முதலில் கதை கேம்கள். பொறுத்திருப்பது என்றால் எல்லோரும் ஒரே காத்திருப்பாக நினைக்கிறார்கள். உண்மையில் அது இரண்டு. ஒன்று, கேம் சரியாக ஓடுவதற்கான காத்திருப்பு. இரண்டாவது, டிஎல்சி எல்லாம் வந்து முழுமையாவதற்கான காத்திருப்பு. முன்னது சில வாரங்கள் அல்லது சில மாதங்களில் முடிந்துவிடும். பின்னது ஒரு வருடமும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம்.

முன்னதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் சைபர்பங்க் 2077. 2020 டிசம்பர் 10 அன்று வெளியானது. பிஎஸ்4-இல் ஓடிய லட்சணத்தைப் பார்த்து, எட்டாவது நாளே சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டது. திரும்ப வைத்தது 2021 ஜூனில். அதற்கும் முன்னால், 2015 ஜூனில், பேட்மேன்: ஆர்க்கம் நைட்டின் பிசி பதிப்பு வந்த ஓரிரு நாளில் விற்பனையை நிறுத்தி, அக்டோபர் கடைசியில்தான் மறுபடி தொடங்கினார்கள். எல்லா கேமும் இப்படி வருவதில்லை. ஆனால் முதல் நாள் வாங்குபவர்தான் அந்தச் சோதனையைத் தன் காசில் செய்து பார்க்கிறார். ப்ரீ-ஆர்டர் வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். டிஜிட்டல் கேம் தீர்ந்துபோகிற சரக்கு இல்லை. ஒரு வாரம் பொறுத்து, உங்களிடம் இருக்கும் அதே மெஷினில் அது எப்படி ஓடுகிறது என்று வீடியோவில் பார்த்துவிட்டு வாங்கினால் என்ன குறைந்துவிடும்?

இரண்டாவது காத்திருப்புக்கு விட்சர் 3 நல்ல உதாரணம். கேம் வந்தது 2015 மே மாதம். அதன் டிஎல்சிகளில் ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் அந்த அக்டோபரில், பிளட் அண்ட் வைன் 2016 மே மாதத்தில். எல்லாம் சேர்ந்த கேம் ஆஃப் தி இயர் எடிஷன் 2016 ஆகஸ்டில் வந்தது. ஆக, பதினைந்து மாதம். ஹொரைசன் ஜீரோ டானுக்குப் பத்து மாதம்தான் ஆனது: 2017 பிப்ரவரியில் கேம், டிசம்பரில் கம்ப்ளீட் எடிஷன். சைபர்பங்குக்கோ மூன்று வருடம்: ஃபேண்டம் லிபர்ட்டி 2023 செப்டம்பரில், அல்டிமேட் எடிஷன் அந்த டிசம்பரில். அந்த டிஎல்சி பிஎஸ்4-க்கு வரவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிஎஸ்4-இல் விளையாடிவிட்டு மிச்சக் கதைக்காகப் பொறுத்திருந்தவர்கள் மெஷினையே மாற்ற வேண்டியதாயிற்று.

எல்லா கேமுக்கும் கம்ப்ளீட் எடிஷன் வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பதும் தப்பு. ஜிடிஏ 5-க்குக் கதை டிஎல்சி வரும் வரும் என்று வருடக்கணக்கில் காத்திருந்த வாடிக்கையாளர்கள் எனக்கு இருந்தார்கள். அது வரவே இல்லை. ஆன்லைன் பக்கம்தான் வளர்ந்தது. 2018-இல் வந்த காட் ஆஃப் வாரும் அப்படியே முடிந்துவிட்டது. அதன் அடுத்த பாகமான ரக்னராக்குக்கு வல்ஹல்லா என்ற கூடுதல் பகுதி 2023 டிசம்பரில் எல்லோருக்கும் இலவசமாகவே வந்தது. இதற்கெல்லாம் காத்திருந்து என்ன ஆகப் போகிறது? நான் பார்க்கும் அடையாளம் ஒன்றுதான். கேம் வெளியாகும்போதே கூடவே சீசன் பாஸ் (வரப்போகும் டிஎல்சிக்கு முன்கூட்டியே வாங்கும் பணம்) விற்கிறார்களா? விற்றால் டிஎல்சி உறுதி, எல்லாம் சேர்ந்த ஒரு எடிஷனும் பெரும்பாலும் பின்னால் வரும். விற்கவில்லை என்றால், விலை இறங்கும் முதல் பெரிய சேலிலேயே வாங்கிவிடலாம். நிண்டெண்டோவின் சொந்த கேம்களுக்கு இந்தக் கணக்கே வேறு. அவை வருடங்கள் ஆனாலும் லேசில் விலை இறங்காது. அங்கே காத்திருந்து பெரிய லாபம் இல்லை.

இப்போது டிஸ்க்கா டிஜிட்டலா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் வயிற்றெரிச்சலுக்கு மருந்து இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

4,999 ரூபாய்க்குப் புது டிஸ்க் வாங்குகிறீர்கள். மூன்று வாரத்தில் கதையை முடித்துவிட்டு, நான்காவது வாரம் 3,500-க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு ஆன செலவு 1,500. அதே கேமின் கம்ப்ளீட் எடிஷனை ஒன்றரை வருடம் கழித்து டிஜிட்டலில் 2,500-க்கு வாங்கினால் ஆன செலவு 2,500. அதைத் திருப்பி விற்க முடியாது. அதாவது சூட்டோடு சூடாக வாங்கி, முடித்து, விற்பவருக்கு முதல் நாள் டிஸ்க்கே மலிவு. நீங்கள் மாதம் எடுத்து வைக்கும் 1,500-க்கும் சரியாகப் பொருந்துகிறது. முதல் முறை மட்டும் நான்கு மாதக் காசைச் சேர்த்துப் போட்டு ஒரு முதலீடு மாதிரி தொடங்க வேண்டும். அப்புறம் அந்தப் பணமே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆனால் முடித்ததும் விற்பவருக்குத்தான் இது பலிக்கும். டிஸ்க்கின் மறுவிலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்காது, படியாக இறங்கும். ஸ்டோரில் முதல் முறை 2,999 என்று சேல் போட்ட அன்று சாயங்காலமே கடைக்காரர் பழைய டிஸ்க்குக்குக் கொடுக்கும் விலை சரிந்துவிடும். “நேற்றுக் கேட்டபோது மூவாயிரம் சொன்னீர்களே அண்ணா” என்று வந்து நிற்பார்கள். எனக்குப் பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும். அதனால் நூறு மணி நேரம் இழுக்கும் பெரிய ஓப்பன் வேர்ல்ட் கேமுக்கு இந்த வழி சரிவராது. வேலைக்குப் போகிறவர் அதை முடிக்கவே நான்கு மாதம் ஆகும். அதற்குள் டிஎல்சி அறிவிப்பு வந்துவிட்டால் விற்கவும் மனசு வராது. அந்த வகைக்குத்தான் கம்ப்ளீட் எடிஷன் என்பது என் தீர்மானம். இருபது, முப்பது மணி நேரத்தில் முடியும் கதைக்கு டிஸ்க். மாதக்கணக்கில் ஓடும் பெரிய உலகத்துக்குப் பொறுமை.

கம்ப்ளீட் எடிஷன் டிஸ்க்கை செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ஒரு விஷயம் பாருங்கள். நானே ஏமாந்த கதை இது. ஒரு கடையில் பழைய கேம் ஆஃப் தி இயர் டிஸ்க் ஒன்றை ஆசையாக வாங்கி வந்தேன். டப்பாவைத் திறந்தால் டிஸ்க்கோடு ஒரு சின்ன அட்டை, அதில் பன்னிரண்டு எழுத்தில் ஒரு குறியீடு. டிவி முன்னால் உட்கார்ந்து கன்ட்ரோலரில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வந்தது. டிஎல்சி டிஸ்க்கில் இல்லை, அந்த அட்டையில்தான் இருந்தது. முதலில் வாங்கியவர் அதை எடுத்துக்கொண்டுவிட்டார். என் கையில் இருந்தது கம்ப்ளீட் என்று அட்டை போட்ட சாதாரண கேம். கம்ப்ளீட் எடிஷன்களில் சிலவற்றில் எல்லாமே டிஸ்க்கில் இருக்கும், சிலவற்றில் குறியீடுதான். டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். குறியீடு உள்ளது என்றால் புது சீல் டப்பாவாக மட்டும் வாங்குங்கள்.

ரீஜன் பிரச்சினையும் நம் ஊரில் அடிக்கடி வருகிறது. துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்த டிஸ்க், பஜாரில் மலிவாகக் கிடைத்த டிஸ்க், எதுவானாலும் உங்கள் பிஎஸ்5-இல் ஓடும். ஆனால் இந்திய அக்கவுண்டில் காசு கொடுத்து வாங்கிய டிஎல்சி, வேறு ரீஜன் டிஸ்க்கோடு பெரும்பாலும் ஒட்டாது. அட்டையின் மூலையில் வயதுக் குறியைப் பாருங்கள். 18, 16 என்று எண்ணாக இருந்தால் ஐரோப்பியப் பதிப்பாக இருக்கும். எம், டி என்று எழுத்தாக இருந்தால் அமெரிக்கப் பதிப்பு. டிஎல்சி வாங்கும் எண்ணம் இருந்தால் அமெரிக்க டிஸ்க்கைத் தொடாதீர்கள். விளையாடி முடித்து விற்றுவிடப் போகிறீர்கள் என்றால் கவலை இல்லை.

டிஜிட்டலில் வாங்கும்போது திருப்பிக் கொடுக்கும் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். பிசி கேம் விற்கும் ஸ்டீம் ஸ்டோரில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிளேஸ்டேஷன் ஸ்டோரிலும் 14 நாள்தான், ஆனால் டவுன்லோட் தொடங்கிவிட்டால் பொதுவாகக் கிடையாது. ஆட்டோ டவுன்லோட் ஆனில் இருந்தால் நீங்கள் யோசிப்பதற்குள் அது தொடங்கியிருக்கும். அதை முதலில் அணைத்து வையுங்கள். பழைய கேம்களை வாங்கும் முன் பிஎஸ் பிளஸ் எக்ஸ்ட்ரா சந்தாவின் கேம் பட்டியலில் இருக்கிறதா என்றும் ஒரு நிமிடம் பாருங்கள். அங்கே கேம்கள் வரும், போகும். அதில் எடுத்த கேமுக்கு டிஎல்சி வாங்கிவிட்டு, பின்னால் கேம் பட்டியலைவிட்டுப் போய்விட்டால் டிஎல்சி மட்டும் கையில் இருக்கும்.

ரொம்பவும் பொறுத்தால் கைவிட்டுப் போவதும் உண்டு. ஃபோர்ஸா ஹொரைசன் 4-ஐ 2024 டிசம்பரில் ஸ்டோர்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். நிஜக் கார்கள், பாட்டுகள் உள்ள கேம்களில் உரிமம் முடிந்தால் இப்படி ஆகும். எடுக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். வேண்டும் என்று நினைத்த கேம் என்றால் அந்த இடைவெளியில் வாங்கிவிட வேண்டும்.

தம்பியின் விஷயத்தில் அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஃபுட்பால் கேமுக்குக் கம்ப்ளீட் எடிஷன் என்று ஒன்று கிடையாது. ஃபிஃபா என்ற பெயரில் வந்தபோதும் சரி, 2023 முதல் ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்று வரும்போதும் சரி, வருடா வருடம் புதுசு வந்துவிடும், பழசில் ஆள் குறைந்துவிடும். நண்பர்களோடு ஆன்லைனில் ஆடுவதற்குத்தான் கேட்கிறான் என்றால், அவர்கள் ஆடும்போது அவனும் ஆடினால்தான் அந்தப் பணத்துக்கு அர்த்தம். வீட்டில் தனியாக கேரியர் மோட் ஆடுகிறவன் என்றால் நவம்பர் கடைசி சேல்வரை நிறுத்தி வையுங்கள், அதற்குள் நல்ல விலைக் குறைப்பு பெரும்பாலும் வந்துவிடும். ஆன்லைனுக்கு பிஎஸ் பிளஸ் சந்தாவும் வேண்டும், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த கேமில் அல்டிமேட் டீம் என்ற பகுதியில் வீரர் பேக் வாங்குவதற்கு மட்டும் கார்டு நம்பரை அக்கவுண்டில் சேமித்து வைக்காதீர்கள். கேம் விலையைவிட அதிகம் அதில் விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பெற்றவர்கள் கடையில் வந்து கேட்டபோது என்னால் ஆறுதல் மட்டும்தான் சொல்ல முடிந்தது.

புத்தம் புதிய ஆன்லைன் கேமில் மட்டும் அவன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இரண்டு வாரம் பொறுங்கள். கான்கார்ட் என்ற கேம் 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது, செப்டம்பர் 6 அன்று சர்வரையே அணைத்துவிட்டார்கள். அதில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லோரும் அப்படிக் கொடுப்பார்கள் என்று நம்ப முடியாது.

அப்புறம் அந்த நான்கு கேம். அவற்றில் எதையாவது இந்த மாதம் தொடர்வீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் டிஸ்க் என்றால், அடுத்த சேல் தொடங்குவதற்கு முன் விற்றுவிடுங்கள். டப்பா, உள்ளே இருக்கும் அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் டிஸ்க்கின் அடிப்பக்கத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார், விரல் ரேகை இருந்தால் அதைக் காட்டியே நூறு ரூபாய் குறைப்பார். கண்ணாடி துடைக்கும் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்துக் கொண்டுபோங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை காலையில், கூட்டம் சேர்வதற்குள் போய், இரண்டு மூன்று கடையில் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.