புள்ளி ஆடட்டும், விடுங்கள்

கேள்வி: எனக்கு 54 வயது. வெள்ளெழுத்து வந்ததிலிருந்து பிஸ்டலின் முன்குறி (குழல் நுனியிலுள்ள குறிமுனை) மங்கலாகத்தான் தெரிகிறது. துப்பாக்கிச் சுடும் கழகத்தில் என் ஏர் பிஸ்டலுக்கு ரெட் டொட் (குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் சிறு கண்ணாடிக் கருவி) பூட்டித் தந்தார்கள். இப்போது அந்தச் சிவப்புப் புள்ளி ஓரிடத்தில் நிற்காமல் ஆடுகிறது. வலக்கையால் சுடுகிறேன், சூடுகள் இடப்பக்கம் கீழே போகின்றன. கருவியில் பழுதா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கழற்றிவிடாதீர்கள் ஐயா. அந்த ஆட்டம் உங்கள் கையில் முன்பும் இருந்தது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 16 செ.மீ. உள்ள ஒரு பிஸ்டலில், முன்குறி 1 மி.மீ. பிசகினாலே 10 மீட்டரில் சூடு 6 செ.மீ.க்கு மேல் விலகும். அந்த 1 மி.மீ. யாருடைய கண்ணில் படும்? ரெட் டொட் அதே பிசகை இலக்கின் மேலேயே காட்டிவிடுகிறது. பழக்குபவன் என்ற முறையில் இதைவிட நேர்மையான ஆசிரியரை நான் கண்டதில்லை.

உங்கள் வயதுக்கு இது பொருத்தமானதும்கூட. உள்ளே இருக்கும் சிறு எல்ஈடி விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, தூரத்திலிருந்து வருவதுபோல் கண்ணுக்கு வருகிறது. ஆகவே முன்குறியைத் தேடிச் சிரமப்பட வேண்டாம். இரண்டு கண்களையும் திறந்து இலக்கை மட்டும் பாருங்கள், புள்ளி தானாக அதன்மேல் வந்து அமரும். பலர் இங்கேதான் இடறுகிறார்கள். புள்ளியையே உற்றுப் பார்க்கிறார்கள், அது நடுவில் வந்த கணத்தில் 'இப்போது!' என்று ட்ரிகரைப் பறிக்கிறார்கள். அப்போது விரல் மட்டும் அசைவதில்லை, முழுக்கையும் சேர்ந்து இறுகுகிறது. வலக்கைக்காரருக்குச் சூடு இடப்பக்கம் கீழே போக இதுவே வழக்கமான காரணம்.

ஆனால் கையைக் குறைசொல்ல முன் கருவியைச் சோதித்துவிடுங்கள். மணல்பையில் பிஸ்டலைத் தாங்கி, அவசரப்படாமல் ஐந்து சூடு சுடுங்கள். ஐந்தும் நெருக்கமாக, ஆனால் மையத்தை விட்டு விழுந்தால் சரிசெய்ய வேண்டியது ரெட் டொட்டின் திருகாணியை. பல ரெட் டொட்களில் திருகாணியின் ஒரு க்ளிக் என்பது 1 எம்ஓஏ (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக் கோணம்), 10 மீட்டரில் ஏறக்குறைய 3 மி.மீ. சூடுகள் 3 செ.மீ. விலகியிருந்தால் பத்து க்ளிக். உங்கள் கருவியின் கையேட்டையும் ஒருதரம் பாருங்கள். ஒரேயொரு சூடு விலகியதற்காகத் திருகாணியைத் தொடவே வேண்டாம். மணல்பையில் மையத்தில் விழுந்து, கையில் பிடித்தால் மட்டும் விலகினால் பிழை கையில்தான் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அதற்கு வீட்டுப் பயிற்சி போதும். பெலட் (சிறு ஈயக் குண்டு) டப்பா வேறு அறையில் இருக்கட்டும். பிஸ்டல் வெறுமையா என்று இருமுறை பாருங்கள். அடுத்த ஃப்ளாட்டில் ஆள் இருக்கும் மெல்லிய சுவரைத் தவிர்த்து, வெறும் கட்டடச் சுவர் ஒன்றை நோக்கிப் பிடியுங்கள். அங்கே இலக்கு இல்லை, ஆகவே 'இப்போது' என்ற ஆசையும் இல்லை. ட்ரிகரை விரல் நுனிச் சதையால் நேராகப் பின்னுக்கு மெல்ல அழுத்துங்கள். விடுபடும் கணத்தில் புள்ளி எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பாருங்கள், விடுபட்ட பிறகும் ஓரிரு விநாடி பிடியை மாற்றாதீர்கள். ஆட்டம் இருக்கட்டும், துள்ளல்தான் போக வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஸ்பிரிங் வகை ஏர் பிஸ்டலை வெறுமையாக அடித்தால் பழுதாகும். வெற்றுப் பயிற்சிக்கென்று தனி அமைப்புள்ள பிஸ்டலில் மட்டும் செய்யுங்கள்.

புள்ளியின் வெளிச்சத்தையும் குறையுங்கள். புள்ளி பளீரென்றிருந்தால் விரிந்து இலக்கை மறைக்கும். 6 எம்ஓஏ புள்ளி 10 மீட்டரில் 1.7 செ.மீ. அகலம், ஏர் பிஸ்டல் இலக்குத் தாளின் நடுவிலுள்ள பத்து மதிப்பெண் வட்டமோ 11.5 மி.மீ. தான்.

கேள்வி: மகளுக்கு 16 வயது, ஏர் பிஸ்டல் போட்டிகளுக்குத் தயாராகிறாள். அவளுக்கும் ரெட் டொட் வாங்கலாமா?
– ஒரு தாய், தெஹிவளை

பதில்: வேண்டாம் அக்கா. ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனம்) விதிப்படி பிஸ்டல் போட்டிகளில் திறந்த குறிகளுக்கு, அதாவது சாதாரண முன்குறி, பின்குறிக்கு மட்டுமே அனுமதி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதும் அப்படித்தான். ஓடியாடிச் சுடும் ஐபிஎஸ்சி வகைப் போட்டிகளில் ரெட் டொட்டுக்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு, அது வேறு பாதை. பிள்ளையின் கண் இளமையானது, முன்குறியைத் தெளிவாகப் பார்க்கும் பழக்கம் இந்த வயதில் ஊன்ற வேண்டும். அந்தப் பணத்துக்கு அவளுடைய உள்ளங்கைக்குப் பொருந்தும் பிடி ஒன்றைச் செய்வியுங்கள். ட்ரிகரைப் பறிக்கிறாளா என்று பார்க்க, கழகத்து ரெட் டொட்டை இடைக்கிடை பயிற்சியாளர் பூட்டிக் காட்டினால் போதும்.

கேள்வி: எனக்கு ரெட் டொட்டின் புள்ளி வட்டமாகத் தெரியாமல் காற்புள்ளிபோல் வால்விட்டுத் தெரிகிறது. கடையில் மாற்றித் தரக் கேட்கவா? வீடு கடற்பக்க ஒழுங்கையில்.
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: முதலில் கைபேசிக் கமெராவால் கண்ணாடி வழியே படம் எடுங்கள். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் கருவி நல்லது, உங்கள் கண்ணில் அஸ்டிக்மாட்டிசம் (கண்ணின் வளைவு சீரில்லாததால் வரும் பார்வைக் குறை) இருக்கலாம். கண் மருத்துவரிடம் காட்டி, அதற்கான கண்ணாடி அணிந்து சுட்டுப் பாருங்கள். படத்திலும் வால் தெரிந்தால் கடைக்குப் போகலாம். கடற்பக்க ஒழுங்கையில் வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். உப்புக்காற்று பற்றரியின் முனைகளை அரிக்கும். பாவிக்காத வாரங்களில் பற்றரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே ரேஞ்சுக்குக் கொண்டுபோனால் கண்ணாடியில் நீர் படரும், பெட்டியைத் திறந்து நிழலில் கொஞ்ச நேரம் விட்டபின் சுடத் தொடங்குங்கள்.