அம்மாவின் வலிக்கு நீங்கள் ஏன் பதில் சொல்கிறீர்கள்?

கேள்வி: என் தாயாருக்கு 66 வயது. இரு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். மூன்று மாதங்களாக நானே பிசியோதெரபிக்குக் காரில் அழைத்துச் செல்கிறேன். ஒரு நாள் வலியே இல்லை என்பார். மறுநாள் முழங்காலை நீட்டவே மறுப்பார். அப்பா காலமானதிலிருந்து அதிகம் பேசுவதில்லை. தெரபிஸ்ட் கேட்பதற்கெல்லாம் நான்தான் பதில் சொல்கிறேன். அறுவை சிகிச்சை செய்துவிடலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: அறுவை சிகிச்சையை எலும்பு மருத்துவர் முடிவு செய்வார். வலி உங்கள் தாயாருக்கு இருக்க, பதில் ஏன் உங்களிடமிருந்து வருகிறது என்பதே என் கேள்வி.

மூன்று மாதங்களாக அந்தத் தெரபிஸ்ட் உங்கள் ஊகத்துக்குத்தான் பயிற்சி கொடுத்துவருகிறார். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியை எத்தனை முறை, எவ்வளவு எடையுடன் செய்வது என்பதெல்லாம், வலி 0 முதல் 10 வரை எந்த அளவில் இருந்தது, மறுநாளுக்குள் தணிந்ததா என்று நோயாளியிடம் கேட்டுத்தான் கூட்டவோ குறைக்கவோ படும். பயிற்சியில் எழுந்து ஒரு நாளுக்குள் அடங்கும் லேசான வலிக்கு அஞ்ச வேண்டியதில்லை. வீக்கத்துடன் மறுநாளும் நீடிக்கும் வலியே கவனத்துக்குரியது. இதைக் காலுக்குச் சொந்தக்காரர்தான் சொல்ல முடியும். பயத்தையும் துக்கத்தையும் தசைக் களைப்பையும் பிரித்துச் சொல்லிப் பழகாதவருக்கோ, ஒரு நாள் எல்லாமே கால்வலியாகவும் மறுநாள் எல்லாமே ‘ஒன்றுமில்லை’ என்றும் வெளிப்படும். எக்ஸ்ரேயில் ஒரே அளவு தேய்மானம் தெரியும் இருவரில் ஒருவர் படியேறுவதும் மற்றவர் முடங்குவதும் மருத்துவர்கள் அடிக்கடி காண்பதுதான். வலி என்பது உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்று வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1979-லேயே வரையறுத்துவிட்டது.

கணவரை இழந்த பெண் பேச்சைக் குறைத்துவிட்டதை நீங்கள் அரை வரியில் கடந்துவிட்டீர்கள். கார் ஓட்டுவதும் கட்டணம் கட்டுவதும் மகனின் கடமையில் எளிய பாதி. (பல பிள்ளைகள் அதையும் செய்வதில்லை, அதற்காக உங்களுக்குச் சலுகை கிடையாது.) தாய் அழுவதைப் பார்க்கத் துணிவில்லாத பிள்ளைகளே தாய்க்காகப் பேச முந்துகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்றிரவே அப்பாவைப் பற்றி நீங்களாகப் பேச்செடுங்கள். அம்மா அழுதால் மாத்திரை தேடி எழுந்து போகாதீர்கள். அடுத்த முறை தெரபி அறைக்கு வெளியே உட்காருங்கள். கணவர் மறைந்ததையும் தன் பயத்தையும் அவரே சொல்லட்டும், எவ்வளவு நேரமானாலும். துக்கம் தணியாவிட்டால் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். அறுவை சிகிச்சை செய்தாலும் அதன்பின் இதே போன்ற பயிற்சிகளும் இதே கேள்விகளும் காத்திருக்கின்றன. ஆகவே எலும்பு மருத்துவரைப் பார்க்கும்போதும் முன் நாற்காலியில் அம்மாவே உட்காரட்டும்.