கனத்த கவசம் வாங்கும் முன் ஆளின் மூச்சைப் பாருங்கள்

கேள்வி: கூலிப்படையை நடத்தும் 'பேட்டில் பிரதர்ஸ்' என்ற கணினி ஆட்டம் விளையாடுகிறேன். கையிலிருந்த காசையெல்லாம் கொட்டி, முன்வரிசையில் நிற்கும் என் ஆறாம் லெவல் ஆளுக்குக் கோட் ஆஃப் ப்ளேட்ஸ் என்ற உடல் கவசமும் ஃபுல் ஹெல்ம் என்ற தலைக்கவசமும் வாங்கிப் போட்டேன். கையில் வாளும் கேடயமும். ஓர்க் என்ற அரக்கர் கூட்டத்தோடு மோதினால் இரண்டாவது சுற்றிலேயே வாளை வீச முடியவில்லை, கேடயச் சுவரும் போட முடியவில்லை. சும்மா நின்று அடி வாங்கியே செத்தான். அவனுடைய அதிகபட்சக் களைப்பு அளவு, அதாவது அவன் தாங்கக்கூடிய களைப்பின் எல்லை, 98. கனமான கவசம் வீண்தானா? ஒருவர் முழுக் கவசம் போட்ட பன்னிரண்டு பேர் இருக்கும் சேவ் ஃபைலை 400 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வாங்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இப்போது உங்கள் செத்துப்போன ஆளுக்கு வருவோம்.

98 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், விடையும் அதில்தான் இருக்கிறது. கோட் ஆஃப் ப்ளேட்ஸ் 320 அளவு சேதம் தாங்கும். அதற்கு விலையாக ஆளின் களைப்பு அளவில் 42 குறையும். ஃபுல் ஹெல்ம் 300 தாங்கும், 20 குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் 62 போயிற்று, மிச்சம் 36. கேடயத்துக்கும் எடை உண்டு, அது இன்னும் கொஞ்சம் தின்னும். இப்போது ஒரு சுற்றுக்குக் கணக்குப் போடுங்கள். கேடயச் சுவருக்கு 20, வாள் வீச்சு ஒன்றுக்கு 10, ஆக 30. அடுத்த சுற்று தொடங்கும்போது எல்லாருக்கும் திரும்பக் கிடைப்பது 15 மட்டுமே. தீராத களைப்பு 15 இருக்கும் நிலையில் மறுபடி 30 சேர்த்தால் 45. உங்கள் ஆளின் எல்லையோ 36. எதிரியை நோக்கி நடந்து வந்த களைப்பை நான் சேர்க்கவே இல்லை. இரண்டாவது சுற்றில் அவன் சிலையாக நின்றதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

கடைக்காரன் காட்டியது 320 என்ற எண்ணை. 42 என்பது பக்கத்திலேயேதான் எழுதியிருந்தது. பெண்ணைப் பார்க்காமலே நகை எடுத்துவிட்டு வந்து நிற்கிறீர்கள்.

கவசம் வீண் இல்லை. எதற்குக் கவசம் என்பதைக் கொஞ்சம் பாருங்கள். இந்த ஆட்டத்தில் ஒரு அடி விழும்போது இரண்டு காரியம் நடக்கிறது: கவசம் தேய்கிறது, ஒரு பங்கு கவசத்தைத் தாண்டி உயிரில் இறங்குகிறது. தாண்டி வரும் பங்கிலிருந்து, மிச்சமிருக்கும் கவசத்தில் பத்தில் ஒரு பங்கு கழியும். இரண்டு கையால் பிடிக்கும் பெரிய சுத்தியல் 80 அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கவசத்தை அது இரட்டிப்பாகத் தின்னும், 160. உங்கள் 320-இல் ஒரே அடியில் பாதி காலி. அடியில் பாதி, அதாவது 40, உள்ளே வரப் பார்க்கும். மிச்சமுள்ள கவசம் 160 என்பதால் 16 கழிந்து 24 உயிரில் இறங்கும். இதே அடி துணிச் சட்டை போட்டவன் மேல் விழுந்திருந்தால் பெரும்பாலும் பிணம்தான். கவசம் போட்டவன் இன்னும் நிற்கிறான், ஆனால் இரண்டாவது அடிக்கு அவன் தயாராக இல்லை.

இங்கேதான் பேட்டில் ஃபோர்ஜ்ட் என்ற பெர்க், அதாவது லெவல் ஏறும்போது தேர்ந்தெடுக்கும் தனித்திறன், வேண்டும். உடல், தலை இரண்டிலும் அந்த நேரத்தில் இருக்கும் கவசத்தைக் கூட்டி, அதில் நூற்றுக்கு ஐந்து எவ்வளவோ அத்தனை சதவீதம் கவசச் சேதம் குறையும். 620-க்கு 31 சதவீதம். மேலே சொன்ன 160 சேதம் 110 ஆகிவிடும். ஆனால் கவசம் தேயத் தேய இந்தச் சலுகையும் தேயும். அரைகுறையாகப் பழுது பார்த்த கவசத்தோடு அடுத்த சண்டைக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கூடவே ப்ராவ்னி என்ற பெர்க்கும் எடுங்கள். உடல் கவசம், தலைக்கவசம் இரண்டின் களைப்புச் சுமையில் 30 சதவீதம் குறையும், 62 ஏறத்தாழ 43 ஆகும். கேடயத்தையும் ஆயுதத்தையும் அது தொடாது. இந்த இரண்டு பெர்க்கும் இல்லாத ஆளுக்கு இந்த இரண்டு உருப்படியும் வேண்டாம்.

ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த இடத்தில் எனக்குப் பொறுமை போய்விடும். வேலைக்கு எடுக்கும்போது ஆட்டம் உங்களுக்கு ஆளின் திறன் பற்றி ஒரு எண்ணையும் காட்டாது. காசு கட்டிச் சோதித்துப் பார்த்தாலும் அவனுடைய குணங்கள்தான் தெரியும். களைப்பு அளவும், எந்தத் திறன் வேகமாக வளரும் என்று காட்டும் ஸ்டார்களும் காசைக் கொடுத்துக் கூட்டத்தில் சேர்த்த பிறகுதான். ஹாம்பர்க்கின் ஓவர்ஹைப் ஸ்டூடியோஸ் 2017-இல் வெளியிட்ட ஆட்டம் இது. 2018, 2019, 2020 என்று வரிசையாகப் பெரிய டிஎல்சிகள், அதாவது கூடுதல் விரிவாக்கங்கள், வந்தன. பூதம் வந்தது, வடநாடு வந்தது, பாலைவனம் வந்தது. கூலி கொடுத்து எடுக்கும் ஆளின் மூச்சு எவ்வளவு என்று முன்கூட்டியே பார்க்க ஒரு வழி மட்டும் வரவில்லை. சூதாட்டம் வேண்டும் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள், எனக்குப் புரிகிறது, பிடிக்கவில்லை.

ஆகவே மலிவான வழி: பண்ணையாள், மரம்வெட்டி மாதிரி உடம்பு வணங்கி வேலை செய்த ஆட்களை எடுங்கள். பொதுவாக இவர்களுக்குக் களைப்பு அளவு நன்றாக இருக்கும், கேட்கும் காசும் குறைவு. 'அயர்ன் லங்ஸ்' என்ற குணம் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக 3 மீளும், விடாதீர்கள். 'ஆஸ்த்மாட்டிக்' இருந்தால் அதே 3 குறையும், அவனுக்குக் கனத்த கவசம் ஒருபோதும் வேண்டாம். களைப்பில் ஸ்டார் இருந்தால் லெவல் ஏறும்போதெல்லாம் அதற்கும் ஒரு பங்கு கொடுங்கள். கவசத்தையும் கேடயத்தையும் மாட்டிய பிறகும் ஐம்பது, அறுபது மிச்சம் இருக்கும் ஆள்தான் இந்த வேலைக்கு ஆவான். 'ரெக்கவர்' பெர்க் இருந்தால் ஒரு முழுச் சுற்றைச் செலவிட்டு, சேர்ந்த களைப்பில் பாதியைக் கழிக்கலாம். சுற்றிலும் எதிரி நிற்கும்போது அதைச் செய்ய மனசு வராது, செய்துதான் ஆக வேண்டும்.

இதெல்லாம் பொருந்தாத ஆள் ஒருவன் இருக்கிறான். அவனைப் பற்றி நிறையப் பேர் தப்பாகச் சொல்லித் தருகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். உயிர் அளவு அதிகம், களைப்பு அளவு குறைவு, இப்படி ஒரு ஆள் கிடைத்தால் அவனுக்கு நிம்பிள் பெர்க். உடல் கவசமும் தலைக்கவசமும் சேர்த்துச் சுமை 15-க்குள் இருந்தால் அவன் உயிரில் இறங்கும் அடியில் 40 சதவீதம்தான் உள்ளே போகும். 15-ஐத் தாண்டியதும் சலுகை சரசரவென்று கரையும். சுமை 20 என்றால் 47 சதவீதம் உள்ளே போகும். 25 என்றால் 57. வெறும் கோட் ஆஃப் ப்ளேட்ஸ் மட்டும் போட்டால்கூட சுமை 42. அப்போது கிட்டத்தட்ட முழு அடியும் இறங்கும், பெர்க் எடுத்தது குப்பை. 'ப்ராவ்னியும் சேர்த்து எடுத்தால் சுமை குறையுமே' என்று ஒரு வீடியோவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். குறையாது. நிம்பிள் பார்ப்பது கவசத்தில் எழுதியிருக்கும் எண்ணை, ப்ராவ்னி கழித்த எண்ணை இல்லை. நிம்பிளும் பேட்டில் ஃபோர்ஜ்டும் ஒரே ஆளுக்கு எடுத்தவனைப் பார்த்தால், அவன் இரண்டு வீடியோ பார்த்திருக்கிறான் என்று அர்த்தம்.

கவசம் வாங்குவது பற்றி ஒன்று. ஊர்க் கடையில் முழு விலை கொடுத்து வாங்காதீர்கள். நீங்கள் விற்கப் போனால் அதே கடைக்காரன் தரும் தொகையைப் பாருங்கள், வயிறு எரியும். கொள்ளைக் கூட்டத் தலைவன் போட்டிருப்பதே நல்ல கவசம். அவனைச் சுத்தியலாலும் கோடரியாலும் அடித்தால் கவசம் நொறுங்கிக் கையில் ஒன்றும் மிஞ்சாது. மற்றவர்களைத் தீர்த்துவிட்டு, அவனை வலையில் சிக்கவைத்து, இரண்டு மூன்று பேர் குத்துவாளை எடுத்துக் கவச இடுக்கில் குத்தும் 'பங்ச்சர்' அடியைப் பயன்படுத்துங்கள். அது கவசத்தைத் தொடாமலே உயிரில் இறங்கும். தவறிப் போகும் வாய்ப்பு கூடுதல், நேரமாகும், ஆனால் கவசம் முழுசாக வரும். கொள்ளையடித்த உடைந்த கவசத்தையும் உடனே விற்காதீர்கள், கருவிகள் கையிருப்பில் இருந்தால் பழுது பார்த்துவிட்டு விற்றால் விலையே வேறு.

கனவில் வந்து பயமுறுத்தும் ஆல்ப் போன்றவற்றுக்கு எந்தக் கவசமும் பயன்படாது. அது வேறு கதை.

இனி அந்த 400 ரூபாய். சேவ் ஃபைல் என்று அவர் தருவது நிஜமாகவே சேவ் ஃபைலாக இருந்தால் நஷ்டம் 400 ரூபாயோடு போகும். பெரும்பாலும் கூடவே ஒரு 'இன்ஸ்டாலர்' வரும், அதைத் திறக்க ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தச் சொன்னால் பேச்சை முடித்துவிடுங்கள். இன்னொரு வகையறா, ஆட்டங்கள் விற்கும் ஸ்டீம் தளத்தின் ஒரே கணக்கை நாலு பேருக்குப் பங்கு போட்டு விற்பவர்கள். ஒரு மாதம் ஓடும், பிறகு பாஸ்வேர்டு மாறும், விற்றவர் கைபேசி அணைந்திருக்கும். புகார் கொடுக்கப் போனால் கணக்கு உங்கள் பெயரில் இல்லை என்பதே பதிலாக வரும், அதோடு சரி. மூன்றாவது வகைதான் எனக்குத் தாங்கவே முடியாதது: ஆட்டத்தை மாற்றியமைக்கும் 'லெஜண்ட்ஸ் மாட்' சேர்த்து ஸ்பெஷல் எடிஷன் என்று விற்பவர்கள். அந்த மாடை ரசிகர்கள் இலவசமாகத் தருகிறார்கள். அதற்குப் பத்துப் பைசா வாங்குபவனும் திருடன்தான்.

அது உங்களுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். லெஜண்ட்ஸ் மாட் போட்டிருந்தால் கவசம் அடுக்கடுக்காக வேறு மாதிரி வேலை செய்யும், நான் மேலே எழுதிய எண்கள் ஒன்றும் பொருந்தாது. கோட் ஆஃப் ப்ளேட்ஸ் உங்களுக்கு 320, 42 என்று காட்டினால் நீங்கள் அசல் ஆட்டத்தில் இருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் அடுத்த முன்வரிசை ஆளின் களைப்பு அளவு, உயிர் அளவு, ஸ்டார்கள், குணங்கள் இவற்றை எழுதி அனுப்புங்கள். பேட்டில் ஃபோர்ஜ்டா, நிம்பிளா என்று சொல்கிறேன். அதுவரை அந்தக் கோட் ஆஃப் ப்ளேட்ஸைப் பெட்டியிலேயே வைத்திருங்கள், கடைக்குத் திருப்பி விற்றுவிடாதீர்கள்.