மோட்டார் படகை விட்டுச் சிறிய பாய்ப்படகுக்கு மாறினால் என்ன வித்தியாசம்?

கொழும்பில் மோட்டார் படகு ஓட்டிப் பழகியவர், படுத்துறங்க அறையுள்ள 20 அடிப் பாய்ப்படகுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறலாம், வேக ஆசையை விட்டுவிட்டால். நீர்மட்டத்தில் 18 அடி நீளமுள்ள இத்தகைய படகு மணிக்கு ஏறத்தாழ 5.7 கடல் மைலைத் தாண்டுவது அரிது. பெரிய இயந்திரம் பூட்டினாலும் எரிபொருள்தான் வீண். 5 குதிரைவலு போதும். பாயில் ஓடும்போது காற்றை நேருக்கு நேர் எதிர்த்தும் போக முடியாது. சுமார் 45 பாகை விலகி, வலமும் இடமுமாக மாறி மாறித்தான் முன்னேற வேண்டும். நீர்கொழும்புப் பயணத்துக்கே அரை நாளை ஒதுக்கிவிடுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் எனும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும். அப்போது கொழும்புக்குத் தெற்கே உள்ள பொல்கொட ஏரியில் பழகலாம். ஆழமற்ற நீருக்கு, தூக்கி இறக்கக்கூடிய கீல் (படகின் அடியில் நீருக்குள் நீண்டிருக்கும் தகடு) உள்ள படகையே நான் வாங்குவேன். பாலங்களுக்கு முன் பாய்மரத்தின் உயரத்தை மறந்துவிடாதீர்கள். மோட்டார் படகுக்காரருக்கு அந்த நினைப்பே வராது.